நேரலை இணைய வானொலியை நிறுத்த, பின்னால் போய்க் கேட்க, பதிவு செய்ய: யாருக்கு எந்த வழி?

இணைய வானொலி கேட்பவர்களுக்கு மூன்று விதமான தேவை வரும். நல்ல பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிடுகிறார்கள், ஐந்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். இப்போது முடிந்த பாட்டைப் பற்றி அறிவிப்பாளர் ஏதோ சொன்னார், காதில் சரியாக விழவில்லை, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தூங்கும் நேரத்தில் வரும் நிகழ்ச்சியை மறுநாள் கேட்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி தெரிவதால், ஒரே ஒரு ஆப் இருந்தால் போதும் என்று நினைத்துப் பலரும் தேடத் தொடங்குகிறார்கள். தேடிக் கிடைப்பதில் ஒன்று நன்றாக நடக்கும், மற்ற இரண்டும் காலை வாரும்.

எதை வாங்குவது, எதை நிறுவுவது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: இந்த ஒலி வேண்டும் என்பது உங்களுக்கு எப்போது தெரிய வருகிறது? நிறுத்திவைப்பவருக்கு அந்தக் கணத்திலேயே தெரிகிறது. நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. பின்னால் போக நினைப்பவருக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறது. இந்த மூன்றாவது ஆள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார். ஏற்கெனவே எங்காவது சேர்த்து வைக்கப்பட்டிருந்தால் ஒழிய, போன ஒலியைத் திரும்பக் கொண்டுவர எந்த பட்டனாலும் முடியாது.

சாதாரணமாக பிரவுசரில் ஓடும் வானொலியில் நிறுத்தும் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பல நிலையங்கள் ஐஸ்காஸ்ட் அல்லது ஷவுட்காஸ்ட் வகை சர்வரில் இயங்குகின்றன. அந்த சர்வரிடம் முழு நிகழ்ச்சியும் கிடையாது. வரும் ஒலியை வந்த வேகத்தில் எல்லோருக்கும் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. ஐஸ்காஸ்ட்டின் இயல்பான அமைப்பில், புதிதாக இணைபவருக்கு முதலில் ஏறக்குறைய 64 கேபி அளவு ஒலியை மொத்தமாகக் கொடுக்கும். நொடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீமில் (சர்வரிலிருந்து தொடர்ந்து வரும் ஒலி ஓட்டத்துக்கு ஸ்ட்ரீம் என்று பெயர்) அது வெறும் 4 நொடி. ஒரு நேயர் வாங்கிக்கொள்ளாமல் பின்தங்கினால் சுமார் 512 கேபி வரை, அதாவது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும். அதற்கு மேல் போனால் இணைப்பை வெட்டிவிடும். பிரவுசர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒலியை பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும், அது நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திவிடும். ஆகவே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து அழுத்தினால், பஃபரில் இருந்தது கொஞ்ச நேரம் ஓடி, பிறகு சத்தமே இல்லாமல் போகும். சில இணையப் பிளேயர்கள் புதிதாக இணைந்து நேரலைக்குத் தாவிவிடும். நடுவில் போனது போனதுதான். அதோடு, புதிதாக இணையும்போதெல்லாம் முதலில் ஒரு விளம்பரத்தைச் செருகும் நிலையங்களும் உண்டு.

நிலையமே கொடுக்கும் வசதி

எதையும் நிறுவுவதற்கு முன்னால், உங்கள் நிலையத்தின் சொந்த ஆப்பையும் தளத்தையும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். எச்எல்எஸ் என்ற முறையில் ஒலிபரப்பும் நிலையங்கள் ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, அவற்றின் பட்டியலை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த முறை இது. பழைய துண்டுகளை உடனே அழிக்காமல் வைத்திருந்தால், அந்த அளவுக்கு நேயர் பின்னால் போகலாம், நிறுத்தியும் வைக்கலாம். அது சில நிமிடமா, சில மணி நேரமா என்பது முழுக்க நிலையத்தின் முடிவு. பெரிய நிலையங்கள் பல, முடிந்த நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் தளத்திலேயே வைத்திருக்கின்றன.

இது கிடைத்தால் இதற்கு மேல் வசதி எதுவும் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒன்றுமே சேமிக்க வேண்டாம், நடந்து முடிந்த பிறகு நினைவு வந்தாலும் கேட்கலாம். குறை என்னவென்றால், பிடி உங்கள் கையில் இல்லை. பாட்டு உரிமை காரணமாக இசை நிகழ்ச்சிகளை வெட்டிச் சுருக்கி வைப்பார்கள், சிலவற்றை வைக்கவே மாட்டார்கள். கெடு முடிந்ததும் காணாமல் போகும். சிறு நிலையங்கள், சமூக வானொலிகள், தன்னார்வலர்கள் நடத்தும் ஸ்ட்ரீம்கள் போன்றவற்றில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. எனக்கு அதில்தான் அக்கறை அதிகம். பெரிய நிலையத்தின் நிகழ்ச்சி எங்காவது ஒரு மூலையில் பத்திரமாக இருக்கும். சிறு நிலையத்தில் ஒருவர் மனம் விட்டுப் பேசிய ஒரு மணி நேரத்துக்கு அன்றைக்குக் கேட்டவர்கள் மட்டும்தான் சாட்சி.

பிளேயரின் நினைவகம்: எம்பிவியும் விஎல்சியும்

கணினியில் கேட்பவருக்கு, நிறுத்துவதற்கும் பின்னால் போவதற்கும் நான் முதலில் சொல்வது எம்பிவி. பார்க்க வெறுமையான பிளேயர். பட்டன்கள் குறைவு, அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதித்தான் மாற்ற வேண்டும். ஆனால் நேரலை ஸ்ட்ரீமை அது கையாளும் விதம் அருமை. கேட்டு முடித்த ஒலியை உடனே தூக்கிப் போடாமல் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும். இடது அம்புக்குறி 5 நொடி பின்னால் கொண்டுபோகும், கீழ் அம்புக்குறி ஒரு நிமிடம். நிறுத்தி வைத்தாலும் பின்னணியில் வாங்குவதைத் தொடரும். அதனால் சர்வருக்கு நீங்கள் பின்தங்கியதே தெரியாது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. எம்பிவியின் இயல்பான அமைப்பில் முன்னோக்கி 150 எம்பியும் பின்னோக்கி 50 எம்பியும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஏட்டுக் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கலாம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்னால் போகலாம். ஒலிப் பொட்டலங்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளப் பிடிக்கும் இடமும் இதே ஒதுக்கீட்டில் சேரும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். போதவில்லையா? இரண்டு எண்களையும் அதிகரித்துக்கொள்ளலாம். கேஷை நினைவகத்தில் வைக்காமல் வட்டில் வைக்கச் சொல்லவும் வழி உண்டு. இன்னொரு அருமையான வசதி, கேஷில் ஏற்கெனவே இருப்பதைக் கோப்பாக எழுதிக்கொள்ளும் கட்டளை. 'ஐயோ, இதைப் பதிவு செய்திருக்கலாமே' என்று பத்து நிமிடம் கழித்துத் தோன்றினாலும் கைவசம் இருக்கும்.

விஎல்சி எல்லோருக்கும் தெரிந்த பிளேயர். அதில் பதிவு பட்டன் இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. 'வியூ' மெனுவில் மேம்பட்ட கட்டுப்பாடுகளைத் தேர்ந்தெடுத்தால் சிவப்புப் பட்டன் வரும், ஷிஃப்ட் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்றைப் பிடித்துவைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அழுத்திய கணத்திலிருந்துதான் பதிவாகும், அதற்கு முந்தையது கிடைக்காது. நிறுத்திவைப்பதில் சின்ன இடைவெளி என்றால் சமாளிக்கும். வானொலி ஸ்ட்ரீமில் பின்னால் போவதற்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். ஆக, முன்பே தெரியும் என்றால் விஎல்சி, பிறகுதான் தெரிய வரும் என்றால் எம்பிவி.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. பிளேயரை மூடினால் கேஷும் போய்விடும். கணினி தூங்கப் போனாலும் இணைப்பு அறுந்து அதோடு முடிந்தது.

ஸ்ட்ரீமை நேராகக் கோப்பில் எழுதுவது

நிகழ்ச்சி எப்போது என்று தெரியும், நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை என்றால் பிளேயரே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் போன்ற, கட்டளை எழுதி இயக்கும் ஒரு கருவியிடம் ஸ்ட்ரீம் முகவரியையும் எத்தனை நொடி என்பதையும் கொடுத்தால் வரும் ஒலியை அப்படியே கோப்பில் எழுதிவிடும். 'அப்படியே' என்பதுதான் முக்கியம். மறுபடி சுருக்காமல் நகல் மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். அப்போது நிலையம் அனுப்பிய தரம் துளியும் குறையாது, பழைய கணினிகூடத் திணறாது. சுருக்கிய ஒலியை மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும்.

கோப்பு வகையில் கவனம் வேண்டும். எம்பி3 ஸ்ட்ரீமை எம்பி3 கோப்பாகவே எழுதினால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை வந்தது கேட்கும்படி இருக்கும். ஏஏசி என்பது எம்பி3 போல இன்னொரு சுருக்க முறை. அந்த ஸ்ட்ரீமை எம்4ஏ கோப்பாக எழுதினால் கதை வேறு. அந்த வகைக் கோப்பின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பதிவு முறையாக முடியாவிட்டால் மொத்தக் கோப்பும் திறக்காது. அதனால் ஏஏசி என்றால் வெறும் ஏஏசி கோப்பாகவே எழுதி, முடிந்த பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். எம்பி3-யில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே அதே கோப்பை வேறொரு பிளேயரில் திறந்து முதலிலிருந்து கேட்கலாம். நிகழ்ச்சி ஆரம்பித்து இருபது நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தவருக்கு இது பெரிய உதவி.

நேரம் குறித்துவைத்துப் பதிவு செய்ய லினக்ஸிலும் மேக்கிலும் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர். இங்கே அடிக்கடி சறுக்கும் இடம் நேர மண்டலம். உங்கள் கணினி உங்கள் ஊர் நேரத்தில் ஓடும், நிலையம் அதன் ஊர் நேரத்தில் ஓடும். அந்த நாடு கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாடாக இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் பதிவு ஒரு மணி நேரம் பிசகும். லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைமரில் நேரத்தோடு நிலையத்தின் நேர மண்டலத்தையே சேர்த்து எழுதலாம், பிறகு கவலை இல்லை. இணைய ஒலிபரப்பு உண்மை நேரத்தைவிடச் சில நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை பின்தங்கியே வரும். முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் விட்டுப் பிடிப்பது நல்லது.

இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப இணையும் அமைப்பு எஃப்எஃப்எம்பெக்கில் உண்டு, அதைச் சொல்லித்தான் இயக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் தானாகச் சேரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அறுந்து மறுபடி தொடங்கும் பதிவு முந்தையதன் மேலேயே எழுதிவிடலாம், அல்லது அதே பெயரில் கோப்பு இருப்பதால் தொடங்காமலே போகலாம். அப்புறம் முகவரி. எம்3யூ, பிஎல்எஸ் என்று முடிவது ஸ்ட்ரீம் அல்ல, உண்மையான முகவரியைத் தாங்கிய சிறு எழுத்துக்கோப்பு. அதை எடிட்டரில் திறந்தால் உள்ளே முகவரி தெரியும். எச்எல்எஸ் ஸ்ட்ரீமின் பட்டியலும் எம்3யூ8 என்று முடியும், அதை மட்டும் அப்படியே கொடுத்தால் போதும். சில நிலையங்கள் முகவரியோடு காலாவதியாகும் ஒரு சாவியை ஒட்டித் தருகின்றன. இன்று வேலை செய்த முகவரி நாளை வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். அந்த மாதிரி நிலையத்துக்கு இந்த வழி சரிப்படாது.

இதே குடும்பத்தில் ஸ்ட்ரீம்ரிப்பர் என்ற பழைய கருவியும் உண்டு. ஸ்ட்ரீமோடு சேர்ந்து வரும் பாட்டுப் பெயரைப் பார்த்து, பெயர் மாறும் இடத்தில் வெட்டித் தனித்தனிப் பாட்டுகளாக எழுதும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் பெயர் மாறும் நேரமும் பாட்டு மாறும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை, ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். பேச்சு நிகழ்ச்சிக்குப் பயனே இல்லை. எச்எல்எஸ் அதற்குத் தெரியாது. பாட்டு மட்டும் ஓடும் பழைய வகை ஸ்ட்ரீமுக்கு வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஒரே கோப்பாக எழுதிப் பிறகு வெட்டிக்கொள்வதே மேல்.

கணினியில் கேட்கும் சத்தத்தைப் பிடிப்பது

முகவரி கிடைக்கவே இல்லை, பிரவுசரில் மட்டும்தான் ஓடுகிறது என்றால் கடைசி வழி, கணினி எழுப்பும் ஒலியையே பதிவு செய்வது. விண்டோஸில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் லூப்பேக் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி அப்படியே பதிவாகும். நேரம் குறித்துவைக்கும் டைமர் பதிவும் அதில் உண்டு. மேக்கில் ஆடியோ ஹைஜாக் என்ற கட்டண மென்பொருள் குறிப்பிட்ட ஆப்பின் ஒலியை மட்டும் தனியே எடுக்கும். ஓடும் ஒலியை நிறுத்தவும் பின்னால் போகவும் டைம் ஷிஃப்ட் என்ற பகுதியும் அதில் இருக்கிறது. மேக் வைத்திருப்பவர், கட்டளை எழுதப் பிடிக்காதவர் என்றால் அந்தப் பணம் தகும்.

எதையும் பிடிக்கலாம் என்பது இந்த வழியின் பலம். ஆனால் வேறு ஆப்பின் அறிவிப்பு மணியும் சேர்ந்து விழும், இணையம் திணறிய இடங்கள் அப்படியே பதிவாகும். கோப்பும் பெரியது. சுருக்காத 16 பிட் ஸ்டீரியோ ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி. ஆடாசிட்டி இயல்பாக 32 பிட்டில் எழுதும் என்பதால் அது இரட்டிப்பாகும். நிலையம் அனுப்பியதோ 57.6 எம்பிதான். இவ்வளவு இடம் பிடித்தும் தரம் கூடுவதில்லை.

போனில்

போனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆண்ட்ராய்டில் ரேடியோட்ராய்ட் என்ற திறந்த மூல ஆப்பில் பதிவு வசதி உண்டு, கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றைப் பிடிக்க அது போதும். ஆனால் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும் பழக்கம் போன்களுக்கு உண்டு. இரவு முழுக்க ஓட வேண்டிய பதிவை அதனிடம் ஒப்படைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆப் தரும் பதிவு வசதியில் சட்டச் சிக்கலும் வரும். ட்யூன்இன் நிறுவனத்தின் கட்டண ஆப்பில் முன்பு பதிவு வசதி இருந்தது. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2019-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அது பதிப்புரிமையை மீறுகிறது என்று சொன்னது. வீட்டில் பிறகு பார்ப்பதற்காக நிகழ்ச்சியைப் பதிவு செய்வது தவறல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல், பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவி பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நாடு, வெவ்வேறு சட்டம். உங்கள் நாட்டில் சொந்த உபயோகத்துக்கு என்ன அனுமதி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ததை வெளியே பகிர்வது எங்கேயும் வேறு விஷயம். தேர்வு செய்பவர் இதில் கவனிக்க வேண்டியது, ஆப்பின் பதிவு பட்டன் ஒருநாள் இல்லாமல் போகலாம் என்பது.

எப்போதும் பதிவாகிக்கொண்டே இருப்பது

ஒரு நிலையத்தை மனதாரக் கேட்பவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். மின்சாரம் அதிகம் குடிக்காத சிறு கணினி ஒன்று, ராஸ்பெர்ரி பை போல, அல்லது மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி. அதில் எஃப்எஃப்எம்பெக் நாள் முழுக்க ஓடட்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோப்பு, பெயரில் தேதியும் மணியும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பழையவற்றைத் தானாக அழிக்க ஒரு வரிக் கட்டளை. நொடிக்கு 128 கிலோபிட் என்றால் ஒரு நாளுக்கு 1.38 ஜிபி, ஒரு வாரத்துக்குப் பத்து ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. சாதாரண மெமரி கார்டு தாங்கும்.

இதில் மூன்று ஆளுக்கும் பதில் இருக்கிறது. நிறுத்தவே வேண்டாம், எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். பின்னால் போவதற்கு முக்கால் மணி நேர எல்லை கிடையாது, முந்தாநாள் காலைக்கே போகலாம். அந்த நிலையத்தில் எது வந்தாலும் பதிவாகிவிடுவதால் நிகழ்ச்சி நேரத்தைக் குறித்துவைக்கவும் வேண்டாம், நேர மண்டலச் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். யாரோ ஒருவர் நேற்று நல்லதொரு உரையாடல் வந்ததாகச் சொன்னால், அந்த மணிக்குரிய கோப்பைத் திறந்தால் போதும்.

விலை இல்லாமல் இல்லை. அமைக்க ஒரு மாலைப்பொழுது போகும். கட்டளை வரியைக் கண்டால் ஒதுங்குபவருக்கு யாராவது உதவ வேண்டும். இணையத்துக்கு மாத அளவு உள்ளவர் மாதத்துக்கு 41 ஜிபிக்கு மேல் ஒதுக்க வேண்டும், அதுவும் ஒரே நிலையத்துக்கு. சிறு நிலையங்களின் சர்வரில் ஒரே நேரத்தில் இத்தனை நேயர்தான் என்று வரம்பு இருக்கும். நீங்கள் கேட்காத நேரத்திலும் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது அவர்களுக்குச் சுமை. அப்படிப்பட்ட நிலையமாக இருந்தால் உங்களுக்கு வேண்டிய நேரங்களை மட்டும் பதிவு செய்யுங்கள், முடிந்தால் அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

சேர்ந்ததில் வைத்துக்கொள்ள வேண்டியதை வெட்டும்போதும் மறுபடி சுருக்காமல் வெட்டுங்கள். விண்டோஸில் எம்பி3டைரக்ட்கட் அதற்கென்றே உள்ளது, எஃப்எஃப்எம்பெக்கிலும் முடியும். வெட்டியதும் நிலையத்தின் பெயர், தேதி, பேசியவர் பெயர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும், முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் பத்து நிமிடம் பதிவு செய்து, அந்தக் கோப்பைத் திறந்து கடைசி நொடிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.